கத்தரிக்கோல் கேட்கும் கேள்விகள்

ஒரு கறுப்புத் தாளும் ஒரு கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் வேண்டாம். கோடு எதுவும் போடாமல், அந்தத் தாளிலிருந்து நேரடியாக ஒரு காகத்தை வெட்டி எடுங்கள்.

காகம் நமக்குப் புதியதா என்ன? திருவொற்றியூரில் மீன் விற்கும் இடத்தில், பள்ளிச் சுவரில், ரயில் நிலையக் கூரையில், எங்கு பார்த்தாலும் காகம்தான். ஆனால் கத்தரிக்கோலைத் தாளில் வைத்ததும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் எழுகின்றன. அலகின் நுனி நேராக இருக்குமா, வளைந்திருக்குமா? வாலின் முனை தட்டையா, உருண்டையா? கால் உடலின் எந்த இடத்திலிருந்து புறப்படுகிறது? விரல்கள் முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை? காலின் நடுவே முழங்கால் போல ஒன்று தெரிகிறதே, அது ஏன் நம் முழங்காலுக்கு எதிர்ப்புறமாக மடிகிறது?

விரல்கள் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. பின்புறமாக மடிவது முழங்காலே அல்ல, அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. முழுக் கறுப்புத் தாள் அண்டங்காக்கைக்குத்தான் பொருந்தும். நம் வீட்டுக் கூரையில் வந்து உட்காரும் சாதாரணக் காகத்தின் கழுத்து சாம்பல் நிறம். அதற்கு ஒரு துண்டு சாம்பல் தாளும் வெட்டி ஒட்ட வேண்டும்.

பென்சிலால் வரையும்போது நமக்குத் தெரியாத இடங்களில் நாலு கோடு கிறுக்கி ஒப்பேற்றிவிடலாம். நிழல் தீட்டி மறைத்துவிடலாம். கத்தரிக்கோலிடம் அது நடக்காது. தாளில் ஒவ்வொரு புள்ளியும் உருவத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், அல்லது வெளியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடமில்லை. ஆகவே வெட்டுகிறவர் முதலில் உற்றுப் பார்த்தே ஆகவேண்டும். உற்றுப் பார்ப்பதுதானே அறிவியலின் முதல் படி!

குழந்தைகளுக்காக இயற்கையைப் பற்றி எழுதப்பட்ட படப்புத்தகங்களில் ஒரு வகை, தாளை வெட்டியும் கிழித்தும் ஒட்டியும் செய்த படங்களால் ஆனவை. "சின்னப் பிள்ளைகள் விவகாரம்" என்று அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். அவற்றுக்குள் நிறைய உயிரியலும் கொஞ்சம் இயற்பியலும் ஒளிந்திருக்கின்றன.

ஓரம் சொல்லும் செய்தி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேலே பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று கரும்பருந்து, மற்றொன்று செம்பருந்து. செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை, உடல் செங்காவி நிறம். கரும்பருந்து உடலெங்கும் பழுப்பு. அருகில் வந்து உட்கார்ந்தால் எளிதில் பிரித்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் நண்பகல் வானத்தில், தலைக்கு மேலே உயரத்தில் பறக்கும்போது? ஒளி பறவைக்குப் பின்னாலிருந்து வருகிறது. நம்மை நோக்கியிருக்கும் அடிப்பக்கத்தில் விழும் ஒளி மிகக் குறைவு. சுற்றியுள்ள வானமோ மிகப் பிரகாசமானது. ஆகவே நிறங்கள் மறைந்து, பறவை ஒரு கறுப்பு வடிவமாக மட்டுமே தெரிகிறது. அப்போது வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் முனையில் ஒரு சிறு பிளவு இருக்கும். செம்பருந்தின் வால் விசிறி போல உருண்டு முடியும். (கரும்பருந்து வாலை முழுவதும் விரித்துவிட்டால் பிளவு மறைந்து நேர்க்கோடாகத் தோன்றும். ஆகவே சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும்.)

நிறம் மறைந்தாலும் ஓரம் செய்தி சொல்கிறது. கறுப்புத் தாளில் வெட்டிய இரண்டு பருந்துகளை ஒரு புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டினால், பத்து வரி எழுத்து சொல்வதை அந்த இரண்டு வால்களும் ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

எழுபத்திரண்டு வயதில் தொடங்கிய வேலை

தாளை வெட்டி இயற்கையை உள்ளது உள்ளபடி காட்டமுடியும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற பெண்மணி 1700-இல் பிறந்தவர். 1772-இல், தமது எழுபத்திரண்டாம் வயதில், ஒரு செந்நிறத் தாளின் நிறமும் அருகிலிருந்த ஜெரேனியம் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தார். தாளை இதழ் இதழாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பார்த்தார். அடுத்த பத்து ஆண்டுகளில், கண்பார்வை மங்கும்வரை, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தாவரங்களை இவ்வாறு தாளில் ஆக்கினார்.

அவர் வெறும் அழகுக்காக வெட்டவில்லை. பூவைப் பிரித்துப் பார்த்தார். மகரந்தத் தாள்கள் எத்தனை, இதழ்கள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன, இலை நரம்பு எப்படிப் பிரிகிறது என்று எண்ணிப் பார்த்து வெட்டினார். பூக்களின் உறுப்புகளை எண்ணித் தாவரங்களை வகைப்படுத்தும் லின்னேயஸின் முறை பரவிவந்த காலம் அது. புகழ்பெற்ற தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ், பிழை நேரும் என்ற அச்சமின்றி ஒரு செடியை இந்தப் படங்களைப் பார்த்தே விவரித்துவிடலாம் என்று கருதியதாகச் சொல்வார்கள். அந்தப் படங்கள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

நீலமும் மஞ்சளும்

குழந்தைகளின் புத்தகத்துக்கு இந்தக் கலை வந்த கதை சுவையானது. லியோ லியோனி என்பவர் ஒருநாள் தம் பேரக்குழந்தைகளுடன் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். குழந்தைகளின் குறும்பு தாங்கவில்லை. கையிலிருந்த பத்திரிகையிலிருந்து நீலத்தில் ஒரு துண்டும் மஞ்சளில் ஒரு துண்டும் வட்டமாகக் கிழித்து, அவற்றை இரண்டு நண்பர்களாக்கி ஒரு கதை சொன்னார். நண்பர்கள் இருவரும் கட்டித் தழுவிக்கொண்டதும் பச்சையாகிவிட்டார்கள்! அந்தக் கதை 1959-இல் புத்தகமாக வந்து உலகெங்கும் பரவியது.

நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால்? காத்தாடி செய்யும் மெல்லிய தாளில் மஞ்சள் ஒன்றும் நீலம் ஒன்றும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. மஞ்சள் தாளின் சாயம் அதிலுள்ள நீல ஒளியை விழுங்கிவிடுகிறது. நீலத் தாளின் சாயம் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிடுகிறது. இரண்டுமே பெருமளவு விழுங்காமல் விட்டுவைப்பது பச்சையை மட்டுமே. ஆகவே கண்ணுக்குப் பச்சை வந்து சேருகிறது.

இது கூட்டல் அல்ல, கழித்தல். உண்மையில் நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் இரண்டு விளக்குகளிலிருந்து ஒரே வெள்ளைச் சுவரில் பாய்ச்சினால் பச்சை வராது. ஏறக்குறைய வெள்ளையாகத் தோன்றும். தாளின் கணக்கு வேறு, ஒளியின் கணக்கு வேறு.

புழு தின்ற ஓட்டை

1969-இல் எரிக் கார்ல் என்ற ஓவியர், பசி தீராத ஒரு கம்பளிப்புழுவைப் பற்றி ஒரு படப்புத்தகம் செய்தார். மெல்லிய தாள்களில் முதலில் வண்ணங்களைத் தீட்டிக் காயவைத்து, பிறகு அவற்றை வெட்டி ஒட்டுவது அவரது வழக்கம். அந்தப் புத்தகத்தில் புழு தின்றுகொண்டே போகிறது. தின்ற இடமெல்லாம் பக்கத்தில் உண்மையாகவே ஓட்டை! குழந்தைகள் விரலை நுழைத்துப் பார்க்கலாம். தாள்களில் துளையிடும் கருவியால் துளைபோட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைப் புழு அரித்ததுபோல இருக்கிறதே என்று தோன்றியதில் பிறந்த யோசனை அது. அப்படித் துளையிட்டு அச்சடிக்க அமெரிக்காவில் செலவு மிகுதி என்பதால் முதற்பதிப்பு ஜப்பானில் அச்சாயிற்று.

இந்த அருமையான புத்தகத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புழு தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, அதிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவதாக அதில் வருகிறது. பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சி இனங்கள் பல, நூலால் கூடு கட்டி அதற்குள்ளே உருமாறுகின்றன. ஆனால் பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் அப்படிக் கூடு கட்டுவதில்லை. புழு கடைசித் தோலை உரித்ததும், உள்ளேயிருக்கும் உடலின் மேற்பரப்பே கெட்டிப்பட்டு உறையாகிவிடுகிறது. தமிழில் இரண்டு நிலைகளுக்கும் "கூட்டுப்புழு" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், நமக்கு இந்த வேறுபாடு இன்னும் எளிதில் தப்பிவிடும்.

இதை நேரில் காண வெகுதூரம் போகவேண்டாம். தண்டவாள ஓரத்திலும் காலி மனைகளிலும் வளரும் எருக்கஞ்செடிகளைப் பாருங்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அவற்றின் இலைகளில்தான் முட்டையிடுகிறது. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டைகள் கொண்ட அதன் புழுவுக்கு முதுகில் மூன்று இணைக் கரிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த புழு ஓரிடத்தில் சிறிதளவு நூலைப் பஞ்சுபோலச் சுற்றி, அதில் தன் பின்முனையை மாட்டித் தலைகீழாகத் தொங்கும். பிறகு தோலை உரிக்கும். நூல் அங்கே கொக்கி மாட்டும் ஆணிதான், வீடு அல்ல. இதைத் தாளில் வெட்ட உட்காருகிறவர் "நூற்கூடா, வழுவழுப்பான உறையா?" என்ற கேள்வியிலிருந்து தப்பமுடியாது. ஒன்றின் ஓரம் நார்நாராக இருக்கும், மற்றதன் ஓரம் பளபளவென்று தெளிவாக இருக்கும். (எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. தொடாமல் பாருங்கள்.)

உள்ள அளவே அளவு

ஸ்டீவ் ஜென்கின்ஸ் என்ற அமெரிக்கர் (1952–2021) இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மகன். விலங்குகளைப் பற்றிய அறிவியல் செய்திகளை மட்டுமே வைத்து, வெட்டிய தாளிலும் கிழித்த தாளிலும் பல படப்புத்தகங்கள் செய்தவர். பலவகைத் தாள்களைத் தேடித் தேடிப் பயன்படுத்தினார். 2004-இல் அவர் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் எல்லா உயிரினங்களும் அவற்றின் உண்மை அளவிலேயே இருக்கும். சிறகு விரித்த பெரிய அட்லஸ் அந்துப்பூச்சி முழுதாகவே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. இராட்சதக் கணவாயின் கண் மட்டுமே ஒரு பக்கத்தை நிறைத்துவிடுகிறது!

"ஓர் அடி அகலமுள்ள கண்" என்று படித்தால் அது ஓர் எண். அதே அளவில் வெட்டிய வட்டத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகத்தை வைத்துப் பார்த்தால் அது ஓர் அனுபவம். ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுவிகிதத்தின் வலிமை இதுதான்.

நம் நாட்டில்

வெட்டிய வடிவத்தின் வழியே படம் காட்டுவது நமக்குப் புதிதல்ல. மதுரா, பிருந்தாவனம் பகுதிகளில் சாஞ்சி என்றொரு கலை உண்டு. தாளில் மரங்களையும் மயில்களையும் பசுக்களையும் நுணுக்கமாக வெட்டித் துளையாக்கி, அதன் மேல் வண்ணப்பொடி தூவித் தரையில் கோலமாக்குவார்கள். நம் தோல்பாவைக்கூத்திலும் பதப்படுத்திய தோலில் துளைகள் இட்டு, பின்னாலிருந்து விளக்கு வைக்கிறார்கள். துளைகளின் வழியே வரும் ஒளி நகைகளாகவும் பூ வேலைப்பாடாகவும் திரையில் மின்னுகிறது.

துளை வழியே படம் ஆக்குவதில் ஒரு தொல்லை உண்டு. துறைமுகத்துக்குப் போகும் மரப்பெட்டிகளிலும் பீப்பாய்களிலும், தகரத்தில் வெட்டிய எழுத்துகளின் வழியே சாயம் பூசியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே வட்டமான பூஜ்யம் இரண்டு பிறை வடிவங்களாகப் பிளந்திருக்கும். ஏன்? முழு வட்டமாக வெட்டினால் நடுவிலுள்ள தகரம் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு சிறு பாலங்கள் வேண்டும். "க" என்ற எழுத்தைத் தாளில் துளையாக வெட்டிப் பாருங்கள், தொல்லை புரியும். சாஞ்சிக் கலைஞர் மயில் தோகையின் கண்களை வெட்டும்போது இந்தப் பாலங்களையே அழகின் பகுதியாக்கிவிடுகிறார்.

சென்னையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. திருவொற்றியூர் நகரின் வடகோடி என்றால், திருவான்மியூர் தென்பகுதி. அங்குள்ள தாரா புக்ஸ் பதிப்பகத்தைக் கீதா உல்ஃப் 1994-இல் தொடங்கினார். பட்டுத்திரை அச்சு முறையில் கையாலேயே அச்சிட்டுக் கையாலேயே தைத்த படப்புத்தகங்களால் அது உலகப்புகழ் பெற்றது. பட்டுத்திரை அச்சும் நம் தகர எழுத்தின் தம்பிதான். மெல்லிய வலைத்துணியில் வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, மற்ற இடங்களின் வழியே மையைத் தள்ளுகிறார்கள். நடுத்துண்டை வலையே தாங்கிக்கொள்வதால் அங்கே பாலம் தேவையில்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு தனித் திரை வேண்டும்.

இந்தப் பதிப்பகம் வெளியிட்ட நூல்களில் ஒன்று பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில விளையாட்டுப் பாட்டு ஒன்றைக் கொண்டது. நெருப்பு வாலுடைய மயிலைக் கண்டதாகத் தொடங்கும் அந்தப் பாட்டு, எங்கே நிறுத்திப் படிக்கிறோமோ அதற்கேற்பப் பொருள் மாறும். நம் இலக்கணத்தில் தாப்பிசைப் பொருள்கோளில் நடுவிலுள்ள சொல் இருபுறமும் சென்று பொருந்துமே, ஏறக்குறைய அதைப்போல. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் ராம்சிங் உர்வேதி கறுப்பு வெள்ளையில் படங்கள் வரைந்தார். ஜொனாதன் யமாகாமி பக்கங்களில் துளைகள் வெட்டி வடிவமைத்தார். துளை வழியே பார்க்கும்போது வரியின் ஒரு பகுதி தெரியும், பக்கத்தைப் புரட்டினால் அதே சொற்கள் வேறொன்றுடன் சேர்ந்துகொள்ளும். நெருப்பு வால் மயிலுக்கு உரியதா வால்நட்சத்திரத்துக்கு உரியதா என்பதைத் துளையே தீர்மானிக்கிறது.

மடித்தால் பொருந்துமா?

தாளை இரண்டாக மடித்து வெட்டினால் இருபுறமும் ஒத்த உருவம் கிடைக்கும். இதைச் சமச்சீர் என்கிறோம். பீப்பி செய்து ஊதும் பூவரச இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள், இரு பாதிகளும் ஏறக்குறையப் பொருந்தும். இனி வேப்பிலைக் கொத்திலிருந்து ஒரு சிற்றிலையைப் பறித்து மடியுங்கள். அடிப்பகுதியில் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும், பொருந்தாது! நாள்தோறும் பார்க்கும் வேப்பிலையில் இப்படி ஒரு கோணல் இருப்பதை மடிப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நண்டுக்கு வருவோம். கழிமுகத்துச் சேற்றில் வாழும் பெரிய நண்டை மடித்த தாளில் வெட்டலாம். கொடுக்குகள் ஒரு சோடி, கால்கள் நான்கு சோடி. கடைசிச் சோடியைக் கவனியுங்கள். அது கூர்மையாக இல்லாமல் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும். நீந்தும் நண்டு என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளை தோண்டும் ஆண் பிடில் நண்டை மடித்து வெட்டமுடியாது. அதற்கு ஒரு கொடுக்கு மிகப்பெரிது, மற்றது மிகச் சிறிது. பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. ஆகவே பெண் நண்டுக்கு மடிப்பு உண்டு, ஆணுக்கு இல்லை. பெரிய கொடுக்கைத் தூக்கி ஆட்டித்தான் ஆண் நண்டு பெண்ணை அழைக்கிறது, மற்ற ஆண்களை எச்சரிக்கிறது. கத்தரிக்கோல் கேட்ட ஒரு கேள்விக்கு விடை தேடினால் அந்த உயிரின் வாழ்க்கைக்கே வந்து சேர்ந்துவிடுகிறோம்.

தாள் மடிப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: வெறும் தாளை மடித்தே வடிவக் கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூல் ஒன்றைச் சுந்தர ராவ் என்பவர் 1893-இல் நம் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன் அதைப் பாராட்டிக் குறிப்பிட்ட பிறகு அது மேலை நாடுகளிலும் பரவியது. மழலையர் பள்ளியின் தாள் மடிப்புப் பாடமே தமக்கு அந்த யோசனையைத் தந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

நம் ஊருக்கு ஒரு புத்தகம்

பென்குயினும் ஒட்டகச்சிவிங்கியும் வரும் படப்புத்தகங்கள் கடைகளில் ஏராளம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் உயிர்களைக் காட்டும் புத்தகம் உங்கள் வகுப்பில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இந்த நீர்ப்பரப்பில் இன்னும் இறாலும் மடவையும் நண்டும் வாழ்கின்றன. கூழைக்கடாக்கள் வருகின்றன. அலையாத்தி மரங்கள் நிற்கின்றன.

அவை பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லமுடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. படகுகளிலும் வலைகளிலும் கறுப்புப் படலம் ஒட்டியது. மீனவர்களின் பிழைப்பு நின்றது. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகுகள் கறுத்தன.

இதன் தீமையைப் புரிந்துகொள்ளவும் வடிவம்தான் உதவுகிறது. அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்கள் நட்டதுபோல வேர்கள் மேல்நோக்கி நிற்கும். தாளில் அதைச் சீப்புபோல வெட்டவேண்டும். அந்த வேர்கள் ஏன் தலைதூக்கி நிற்கின்றன? சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஆகவே அவற்றின் மேலுள்ள நுண்துளைகள் வழியே மரம் மூச்சு விடுகிறது. எண்ணெய் படிந்தால் அந்தத் துளைகள் அடைபடுகின்றன. பறவை இறகோ, நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னிய ஒரு பரப்பு. இடையில் சிறைப்பட்ட காற்றுதான் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்து உடற்சூட்டையும் காக்கிறது. எண்ணெய் அந்தப் பின்னலைக் கலைத்து ஒட்டவைத்துவிடுகிறது. அப்புறம் பறவை நனைகிறது, சூட்டை இழக்கிறது, மிதக்கத் திணறுகிறது.

ஒன்றின் பெயரும் உருவமும் தெரிந்தவனுக்குத்தான் அது குறைந்துபோனதும் தெரியும். அதனால் நீங்களே ஒரு புத்தகம் செய்யுங்கள். எட்டுப் பக்கம் போதும். இரண்டு பருந்துகள் ஒரு பக்கம். எருக்கிலை, வெந்தய வரியன் புழு, அதன் உறை ஒரு பக்கம். இலையில் புழு தின்ற இடத்தை உண்மையான ஓட்டையாகவே வெட்டலாம். ஆண், பெண் பிடில் நண்டுகள் ஒரு பக்கம். அலையாத்தி வேர் ஒரு பக்கம். கூழைக்கடாவின் அலகை உண்மை அளவில் வெட்டுங்கள். ஏறக்குறைய உங்கள் பையிலுள்ள ஓர் அடி அளவுகோலின் நீளம் அது! ஒவ்வோர் உயிருக்கும் உங்கள் குப்பத்துப் பெரியவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எழுதுங்கள்.

செய்முறைக் குறிப்புகள்

கத்தரிக்கோல் இரண்டு நெம்புகோல்கள் சேர்ந்த கருவி. தடித்த அட்டையைத் திருகாணிக்கு அருகில் வைத்து வெட்டுங்கள். சுமையின் தூரம் குறைவதால் விசை பெருகும். நுண்ணிய வேலைக்கு முனையைப் பயன்படுத்துங்கள். வளைவு வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள்.

செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். தாள் தயாராகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதே காரணம். ஈரப்பசை பட்டதும் நார்கள் நீளவாக்கில் அதிகம் நீளுவதில்லை, பக்கவாட்டில்தான் உப்புகின்றன. தாள் சுருள்வது அதனால்தான். ஆகவே பசையை மெல்லியதாகத் தடவி, காயும்வரை கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். அலை நுரைக்கும் மேகத்துக்கும் கிழித்த ஓரம் நன்றாக இருக்கும். மீனுக்கும் இலைக்கும் வெட்டிய ஓரமே நல்லது.

ஒரு துண்டு மற்றதற்கு முன்னால் இருப்பதுபோலத் தோன்ற, அடியில் சிறு அட்டைத்துண்டு வைத்து ஒட்டுங்கள். ஓரத்தில் விழும் நிழல் ஆழத்தைக் காட்டும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாகத் தெரிவதால், அதன் ஒளியில் விழும் நிழலின் ஓரம் சற்றே மங்கியிருக்கும். இடைவெளி 1 செ.மீ. என்றால் மங்கலின் அகலம் சுமார் 0.1 மி.மீ. மட்டுமே. 5 மீட்டர் உயரக் கிளையிலுள்ள இலையின் நிழலிலோ அது 5 செ.மீ. அளவுக்கு வரும். மர நிழல் ஏன் தெளிவாக இல்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

சேற்றிலும் கழிமுகத்து நீரிலும் தனியே இறங்காதீர்கள். கரையிலிருந்து பாருங்கள், பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த உயிரையும் பிடிக்க வேண்டியதில்லை.

புத்தகம் முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நீங்கள் அந்த உயிரைப் பார்த்த தேதியையும் இடத்தையும் தவறாமல் குறியுங்கள். எத்தனை பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பிறகு அதைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் பள்ளியில் படிக்கப்போகும் ஒரு மாணவி அதை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போவாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இன்னும் இருப்பது எது, இல்லாமற் போனது எது என்று அவள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.